குருத்தணுவும் ஆர்கனாய்டும்: ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுப் பணி நோயாளிகளுக்குத் தருவது என்ன?

நீண்ட நாள் நோயுடன் வாழ்பவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லை அடிக்கடி கேட்கின்றனர். ஒருபுறம் ஆய்வுக்கூடங்களிலிருந்து நம்பிக்கையூட்டும் செய்திகள் வருகின்றன. மறுபுறம், எந்த நோயையும் தீர்த்துவிடலாம் என்று கூறி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களும் வருகின்றன. இரண்டும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், எதை நம்புவது என்று பிரித்தறிவது கடினமாகிறது.

ஓர் அறிவியல் துறை எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய, அதில் பல்லாண்டுகள் உழைத்த ஒருவரின் பணியைத் தொடர்ந்து பார்ப்பது எளிய வழி. நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் கிளெவர்ஸின் பணியை இந்தப் பக்கம் விளக்குகிறது. அதிலிருந்து இன்று நோயாளிக்குக் கிடைப்பது எது, இன்னும் கிடைக்காதது எது, சிகிச்சை குறித்து முடிவெடுக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை எவை என்பனவற்றையும் இங்கே காணலாம்.

குருத்தணு என்றால் என்ன?

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்பவை. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கிறது; குடற்சுவரின் அணு உணவிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. இவை தேய்ந்து அழியும்போது அவற்றின் இடத்தைப் புதிய அணுக்கள் நிரப்ப வேண்டும். அந்தப் புதிய அணுக்களைத் தருபவையே குருத்தணுக்கள். ஸ்டெம் செல் என்று வழக்கில் கூறப்படுபவை இவையே.

குருத்தணுவுக்கு இரண்டு பண்புகள் உண்டு. ஒன்று, அது பிளவுபட்டுத் தன்னைப் போன்ற மற்றொரு குருத்தணுவை உருவாக்க வல்லது. இரண்டு, குறிப்பிட்ட வேலைக்கென அமைந்த அணுக்களையும் உருவாக்க வல்லது. ஒவ்வோர் உறுப்பிலும் உள்ள குருத்தணு பொதுவாக அந்த உறுப்புக்கு வேண்டிய அணுக்களை மட்டுமே தருகிறது. எலும்பு மச்சையிலுள்ள குருத்தணு இரத்த அணுக்களைத் தரும். குடலிலுள்ள குருத்தணு குடலின் உட்சுவர் அணுக்களைத் தரும். எனவே, ஒரே வகைக் குருத்தணுவை ஊசி மூலம் செலுத்தி எல்லா உறுப்புகளையும் சரிசெய்யலாம் என்னும் கூற்று இந்த அடிப்படை உண்மைக்குப் பொருந்துவதில்லை.

குடலை நோக்கித் திரும்பிய ஆய்வு

ஹான்ஸ் கிளெவர்ஸ் 1957ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிறந்தார். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் மருத்துவமும் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். நாடு திரும்பியதும் உட்ரெக்டில் நோய் எதிர்ப்பியல் பேராசிரியரானார்.

அவருடைய தொடக்ககால ஆய்வு குடலைப் பற்றியது அன்று. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி செல்களில் மரபணுக்களை இயக்கும் புரதங்களையே அவர் தேடினார். 1991இல் அவருடைய குழு டி.சி.எஃப்.-1 என்னும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. இவ்வகைப் புரதங்கள் ‘வின்ட்’ எனப்படும் சமிக்ஞைப் பாதையின் இறுதிக் கண்ணியாகச் செயல்படுகின்றன என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னர் தெரியவந்தது. அணுவின் வெளியிலிருந்து ‘வளர்க, பிளவுபடுக’ என்று வரும் செய்தியை உட்கருவரை கொண்டு சேர்க்கும் பாதை இது.

1997இல் இந்தப் பாதைக்கும் பெருங்குடற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. பெரும்பாலான பெருங்குடற் புற்றுநோய்களில் ஏ.பி.சி. என்னும் மரபணு பழுதடைந்திருக்கும். அம்மரபணு நல்ல நிலையில் இருக்கும்போது வின்ட் பாதைக்கு ஒரு தடுப்பாக அமைகிறது. அது பழுதடைந்தால், செய்தி வராதபோதும் பாதை திறந்தே இருக்கிறது. அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. மறு ஆண்டு, டி.சி.எஃப்.-4 என்னும் உறவுப் புரதம் இல்லாத எலிக்குட்டிகளை அவருடைய குழு ஆராய்ந்தது. அவற்றின் சிறுகுடலில் பிளவுபடும் அணுக்களின் இருப்பே உருவாகவில்லை. அவை பிறந்த சிறிது காலத்திலேயே இறந்தன.

ஒரே பாதை அளவோடு இயங்கினால் குடல் புதுப்பிக்கப்படுகிறது. அளவு மீறினால் புற்றுநோய் தோன்றுகிறது. குருத்தணுவைக் கையாளும் எந்தச் சிகிச்சையிலும் எச்சரிக்கை ஏன் தேவை என்பதற்கு இதுவே விடை.

குருத்தணுவுக்கு ஓர் அடையாளம்

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அடியில் சிறு குழிகள் உள்ளன. உட்சுவரின் அணுக்கள் ஏறத்தாழ 4 அல்லது 5 நாள்களுக்கு ஒருமுறை புதியனவாக மாறுகின்றன. நம் உடலில் இவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் திசுக்கள் மிகச் சிலவே. புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுபவர்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுவதற்கு ஒரு காரணமும் இதுவே: வேகமாகப் பிளவுபடும் அணுக்களைத் தாக்கும் மருந்து, குடலின் நல்ல அணுக்களையும் தாக்குகிறது.

புதிய அணுக்கள் குழிகளிலிருந்து வருகின்றன என்பது பல்லாண்டுகளாக அறியப்பட்டிருந்தது. ஆனால் குழியிலுள்ள எந்த அணு குருத்தணு என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. 2002இல் உட்ரெக்டிலுள்ள ஹூப்ரெக்ட் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற கிளெவர்ஸின் குழுவில், நிக் பார்க்கர் என்னும் ஆய்வாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். எல்.ஜி.ஆர்.5 என்னும் மரபணு, குழியின் அடியிலுள்ள மெலிந்த சில அணுக்களில் மட்டுமே செயல்படுவதை அவர்கள் கண்டனர்.

அந்த அணுக்களுக்கும் அவற்றின் வழித்தோன்றல்களுக்கும் நிரந்தரமான நிற அடையாளம் இட்டு எலிகளில் பின்தொடர்ந்தனர். சில நாள்களில் குழியின் அடியிலிருந்து குடலுறிஞ்சியின் நுனிவரை தொடர்ச்சியான நிறப்பட்டை உருவானது. பல மாதங்களுக்குப் பின்னும் அது மறையவில்லை. அடியிலிருந்த அணுவே மற்றவற்றுக்குத் தாய் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. இந்த முடிவு 2007இல் வெளியானது.

ஆர்கனாய்டு உருவான விதம்

உடலுக்கு வெளியே நல்ல நிலையிலுள்ள குடல் அணுக்களை நீண்ட நாள் வளர்க்க இயலாது என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. ஜப்பானிலிருந்து வந்து கிளெவர்ஸின் குழுவில் சேர்ந்த தோஷிரோ சாட்டோ, குடல் நோய் மருத்துவர். உடலுக்குள் குருத்தணு எத்தகைய சூழலில் வாழ்கிறதோ அதை ஆய்வுக் கிண்ணத்தில் அமைக்க அவர் முயன்றார். அணுக்களைப் பரப்பின்மேல் படரவிடாமல், கூழ் போன்ற முப்பரிமாண ஊடகத்தில் பதித்தார். வின்ட் பாதையைத் தூண்டும் ஆர்-ஸ்பாண்டின் உள்ளிட்ட சில வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தார்.

2009இல் வெளியான முடிவு பலரை வியக்கவைத்தது. ஒரே ஒரு எல்.ஜி.ஆர்.5 குருத்தணுவிலிருந்து, குழிகளும் குடலுறிஞ்சிப் பகுதிகளும் கொண்ட நுண்ணிய குடல் வடிவம் தானாகவே உருவானது. உறிஞ்சும் அணு, சளி சுரக்கும் அணு எனக் குடலின் வெவ்வேறு அணுக்கள் அதில் தத்தம் இடத்தில் அமைந்திருந்தன. மாதக்கணக்கில் அதைத் தொடர்ந்து வளர்க்கவும் முடிந்தது. இத்தகைய வடிவமே ஆர்கனாய்டு எனப்படுகிறது. 2011இல் மனிதக் குடல் திசுவிலிருந்தும் ஆர்கனாய்டுகள் வளர்க்கப்பட்டன. கல்லீரல், கணையம், இரைப்பை முதலிய உறுப்புகளுக்கும் இம்முறை பின்னர் விரிவடைந்தது.

ஆர்கனாய்டுக்கு மற்றொரு வழியும் உண்டு. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த அணுக்களைக் கருநிலை அணுக்களைப் போன்ற நிலைக்குத் திருப்பும் முறையை 2006இல் எலி அணுக்களிலும், 2007இல் மனித அணுக்களிலும் நிறுவினார். 2012இல் நோபல் பரிசை ஜான் கர்டனுடன் பகிர்ந்துகொண்டார். இவ்வாறு திருப்பப்பட்ட அணுக்களிலிருந்தும் ஆர்கனாய்டுகளை வளர்க்கலாம். மூளை போன்று, உயிருடன் இருப்பவரிடமிருந்து எளிதில் திசு எடுக்க இயலாத உறுப்புகளை ஆராய இவ்வழி உதவுகிறது.

ஆய்வுக் கிண்ணத்திலிருந்து நோயாளிக்கு: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறைபாட்டால் உண்டாகும் நோய். சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதம் அணுக்களின் மேற்பரப்பில் உப்பும் நீரும் செல்லும் வாயிலாக இயங்குகிறது. அது பழுதடைந்தால் நுரையீரலிலும் கணையத்திலும் குடலிலும் சளி தடித்து அடைத்துக்கொள்கிறது. குழந்தைக்கு மீண்டும் மீண்டும் நுரையீரல் தொற்று ஏற்படும்; எடை கூடாது; வியர்வையில் உப்பு மிகுந்திருக்கும்.

இப்புரதத்தைச் சீர்செய்யும் மருந்துகள் இன்று உள்ளன. ஆனால் இந்த மரபணுவில் 2,000க்கும் மேற்பட்ட திரிபுகள் பதிவாகியுள்ளன. பரவலான திரிபு உள்ளவர்களை வைத்தே மருந்துகள் பரிசோதிக்கப்படுகின்றன. உலகில் ஒரு சிலருக்கு மட்டுமே உள்ள அரிய திரிபுடன் பிறந்த குழந்தைக்கு அதே மருந்து பயன்படுமா? பெரிய அளவில் பரிசோதனை நடத்துவதற்கு அத்தனை நோயாளிகளே இல்லை. பயன் உறுதியாகாத நிலையில், மிக விலையுயர்ந்த மருந்தை வழங்க ஒப்புதலும் கிடைப்பதில்லை. எங்கோ மருந்து இருந்தும் தம் குழந்தைக்கு அது கிடைக்காத நிலையில் பெற்றோர் நின்றனர்.

கிளெவர்ஸின் குழுவுடன் இணைந்து உட்ரெக்டில் ஜெஃப்ரி பீக்மன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். நோயாளியின் மலக்குடலிலிருந்து மிகச் சிறிய திசுத்துணுக்கை எடுத்து ஆர்கனாய்டுகளை வளர்த்தனர். ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தால், நல்ல நிலையிலுள்ள ஆர்கனாய்டு நீரை உள்ளிழுத்து உப்பும். நோயாளியின் ஆர்கனாய்டு உப்புவதில்லை, அல்லது சிறிதளவே உப்பும். மருந்தைச் சேர்த்தபின் அது உப்பினால், அந்நோயாளியின் புரதத்தை அம்மருந்து இயக்குகிறது என்று பொருள். இச்சோதனை 2013இல் வெளியிடப்பட்டது. ஆர்கனாய்டில் தெரியும் மாற்றத்துக்கும் நோயாளியின் உடலில் தெரியும் பயனுக்கும் தொடர்பு இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நெதர்லாந்தில் அரிய திரிபுள்ள சிலருக்கு இச்சோதனையின் முடிவைக் கொண்டு மருந்து வழங்கப்பட்டு, அவர்கள் பயன்பெற்றனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நோயாளியின் உடலுக்குள் குருத்தணு எதுவும் செலுத்தப்படவில்லை. அவருடைய அணுக்கள் வெளியே வளர்க்கப்பட்டு, அவருக்கு எந்த மருந்து ஏற்றது என்பதை அறிய உதவின. ஆர்கனாய்டு ஆய்வு இன்று நோயாளிக்குத் தரும் முதன்மையான பயன் இதுவே.

புற்றுநோயில் நிலை என்ன?

புற்றுக்கட்டியிலிருந்தும் ஆர்கனாய்டு வளர்க்கலாம். அவற்றின்மேல் வெவ்வேறு மருந்துகளைச் சோதித்து, பயன்தரும் மருந்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்று பல நாடுகளில் ஆராயப்படுகிறது. 2018இல் இலண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், செரிமான மண்டலப் புற்றுநோய் பரவிய நோயாளிகளின் ஆர்கனாய்டுகள், பயன்தராத மருந்தைப் பெரும்பாலும் சரியாகவே முன்னறிவித்தன. ஆனால் அதில் பங்கேற்றோரின் எண்ணிக்கை சிறியது.

2019இல் நெதர்லாந்தில் வெளியான மற்றோர் ஆய்வு கலவையான முடிவைத் தந்தது. பரவிய பெருங்குடற் புற்றுநோயில், இரினோட்டிகான் சார்ந்த சிகிச்சையின் பயனை ஆர்கனாய்டுகள் முன்னறிவித்தன. ஆக்சாலிபிளாட்டினும் 5-ஃப்ளூரோயூராசிலும் இணைந்த சிகிச்சையின் பயனை முன்னறிவிக்க இயலவில்லை. எனவே, இச்சோதனையை மட்டும் நம்பி, வழிகாட்டு நெறிகளின்படி உங்கள் மருத்துவர் பரிந்துரைக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பானதன்று.

ஆர்கனாய்டின் வரம்புகள்

- பெரும்பாலான ஆர்கனாய்டுகளில் இரத்தக் குழாய், நரம்பு, நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆகியன இல்லை. எனவே முழு உடலில் மருந்து செயல்படும் விதத்தை அவை முழுமையாகக் காட்டுவதில்லை.
- எல்லா நோயாளிகளின் புற்றுக்கட்டியிலிருந்தும் ஆர்கனாய்டு வளர்வதில்லை. வளர்வதற்கும் சோதிப்பதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம். விரைந்து சிகிச்சை தொடங்க வேண்டியவருக்கு அந்த அவகாசம் இராது.
- இவை மிகச் சிறியவை. பழுதடைந்த கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ மாற்றாக வைக்கத்தக்க உறுப்புகள் அல்ல.

ஆர்கனாய்டை உடலுக்குள் பொருத்தும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. 2022இல் டோக்கியோவில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோயாளி ஒருவருக்கு, அவருடைய திசுவிலிருந்தே வளர்த்த ஆர்கனாய்டு, ஆய்வின் ஒரு பகுதியாகப் பொருத்தப்பட்டது. இத்தகைய சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இந்தப் பணி நமக்கு உணர்த்துவது

டி.சி.எஃப்.-1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1991இல். ஆர்கனாய்டு மூலம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்தைச் சோதிக்கும் முறை வெளியானது 2013இல். இடையில் 22 ஆண்டுகள். ஒவ்வொரு படியும் ஆய்விதழில் வெளியிடப்பட்டு, பிற ஆய்வுக்கூடங்களில் மீண்டும் செய்து பார்க்கப்பட்ட பின்னரே அடுத்த படி சாத்தியமாயிற்று. கிளெவர்ஸ் 2012 முதல் 2015 வரை நெதர்லாந்து அரச அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 2013இல் உயிர் அறிவியலுக்கான பிரேக்த்ரூ பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரானார். பின்னர் உட்ரெக்டிலுள்ள இளவரசி மாக்சிமா குழந்தைப் புற்றுநோய் மையத்தில் ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். 2022இல் ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆய்வுத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இத்தனை வசதிகளும் ஆய்வாளர்களும் இருந்தும் பல நோய்களுக்கு விடை இன்னும் கிட்டவில்லை. அவ்வாறிருக்க, ஒரே ஊசியில் பல நோய்கள் தீரும் என்ற உறுதிமொழியை நீங்கள் ஐயத்துடன் அணுகுவதே முறை.

இந்தியாவில் விதிமுறை என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட குருத்தணு ஆராய்ச்சிக்கான தேசிய வழிகாட்டு நெறிகள், இரத்தம் சார்ந்த நோய்கள் முதலிய குறிப்பிட்ட நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சையையே வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை என்று நாம் அறிந்திருப்பது இதுவே. லுக்கீமியா, தலசீமியா போன்ற நோய்களில் தகுதியுள்ளவர்களுக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைக்கும்போது நீங்கள் அஞ்சித் தயங்க வேண்டியதில்லை. பிற நோய்களுக்குக் குருத்தணுவைச் செலுத்துவது, முறையாக ஒப்புதல் பெற்ற மருத்துவப் பரிசோதனையின் பகுதியாகவே நடைபெற வேண்டும். அத்தகைய பரிசோதனைகள் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பணம் செலுத்துவதற்கு முன் கேளுங்கள்

1. இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, மருத்துவப் பரிசோதனையா? பரிசோதனை எனில் பதிவு எண் என்ன?
2. எந்த வகை அணு, எங்கிருந்து எடுக்கப்படுகிறது? என் நோயில் அது எவ்வாறு செயல்படும்?
3. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா? எனக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவீர்களா?
4. தொற்று, கட்டி உருவாதல் முதலிய எந்தப் பாதிப்புகள் நேரக்கூடும்? பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு?
5. இதற்காக, நான் இப்போது உட்கொள்ளும் மருந்தை நிறுத்த வேண்டுமா?

பரிசோதனை என்று கூறிக்கொண்டே பெருந்தொகை கேட்டாலும், ஒரே சிகிச்சை தொடர்பில்லாத பல நோய்களுக்கு உதவும் என்று கூறினாலும், பயனடைந்தவர்களின் பேச்சை மட்டுமே சான்றாகக் காட்டினாலும், உடனே முடிவெடுக்க வற்புறுத்தினாலும் விலகி நில்லுங்கள். வீட்டையோ நகையையோ அடகு வைக்கும் முன், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்நோய்க்கான சிறப்பு மருத்துவரிடம் இரண்டாவது கருத்தைப் பெறுங்கள்.

உங்கள் திசுவை ஆய்வுக்குக் கேட்டால்

அறுவைச் சிகிச்சையின்போதோ திசுச் சோதனையின்போதோ எடுக்கப்படும் திசுவின் ஒரு பகுதியை ஆய்வுக்குத் தருமாறு உங்களிடம் கேட்கப்படலாம். ஆர்கனாய்டு ஆய்வு இத்தகைய கொடையாலேயே வளர்ந்தது. தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. திசு எவ்வளவு காலம் வைக்கப்படும், உங்கள் அடையாளம் எவ்வாறு காக்கப்படும், மரபணுத் தகவல் யாருடன் பகிரப்படும், பின்னர் ஒப்புதலைத் திரும்பப் பெற இயலுமா என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பம் இடுங்கள். நீங்கள் தரும் திசுவால் உங்களுக்கு உடனடிப் பயன் கிடைக்காமல் போகலாம் என்பதையும் அறிந்திருங்கள்.

பராமரிப்பவர்களுக்கு

நோயுற்றவருக்காக எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு இயல்பானது. புதிய சிகிச்சை பற்றி விசாரிப்பதில் தவறில்லை. நீங்கள் காணும் செய்தியையோ விளம்பரத்தையோ எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அதே வேளையில், இன்று கைவசமுள்ள சிகிச்சை, ஊட்டச்சத்து, இயன்முறைப் பயிற்சி, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றை இடைவிடாமல் தொடருங்கள். நாளை ஒரு புதிய மருந்து வரும்போது அதன் பயனைப் பெறத் தக்க உடல்நிலையில் நோயாளி இருப்பதற்கு இவையே துணை.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் நோய்க்கான முடிவுகளை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருடன் கலந்து பேசி எடுங்கள்.